நம்ம குரலும் ரேடியோவில் வரணும்



எனக்கு ஊர் காக்களூர். பத்தாவது வரைக்கும் படிச்சிருக்கேன். மைக் பிடிச்சுப் பேசுவது இதுதான் முதல் தடவை. தப்பு இருந்தா பொறுத்துக்குங்க.

எங்க குழுவில் தையல் வேலை செய்யும் ஒரு அக்கா இருக்காங்க. படிக்கத் தெரியாது. கண் முகாம் நடக்குதுன்னு வாட்ஸ்அப்பில் சேதி வந்தது. நான் பார்த்தேன், அவங்களுக்கும் தெரிஞ்சிருக்கும்னு விட்டுட்டேன். அவங்க வீட்டில் இருக்கிற ஒரே போன் மகன்கிட்ட. அவன் கம்பெனியில் நைட் ஷிஃப்ட். அடுத்த முகாம் வர ஏழு மாசம் ஆச்சு. அதுக்குள்ள ஊசியில் நூல் கோர்க்க முடியாம தையலையே நிறுத்திட்டாங்க, தவணையும் நின்னுபோச்சு. "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா"ன்னு கேட்டாங்க. என்கிட்ட பதில் இல்லை.

படிக்காதவங்களுக்கும் சேதி சேர வழி என்னன்னு யோசிச்சப்போதான் சமுதாய வானொலி பற்றித் தெரிஞ்சுக்கிட்டேன். சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் 2004-லேயே அண்ணா எஃப்.எம். தொடங்கிட்டாங்க. 2006-க்கு அப்புறம் தொண்டு நிறுவனங்களுக்கும் அனுமதி கிடைச்சது. 2008-ல், இப்போ தெலங்கானாவில் இருக்கும் ஜகீராபாத் பக்கம், 'சங்கம் ரேடியோ' வந்தது. நம்மளைப் போல சங்கத்தில் சேர்ந்த தலித் பெண்கள்தான் அதை நடத்துறாங்க. விதை, விவசாயம், வைத்தியம், பாட்டு எல்லாம் அவங்க பேச்சிலேயே வருது. பாம்பனில் 2016-லிருந்து 'கடல் ஓசை' மீனவர்களுக்குக் காத்து, அலை நிலவரம் சொல்லுது.

இந்த ரேடியோ பத்துப் பதினைந்து கிலோமீட்டர்தான் எட்டும். அதுதான் அதோட பலம். பெரிய ரேடியோவில் நம்ம ஊர் முகாமைப் பற்றி யார் சொல்லப்போறாங்க? அடுப்படியில் வேலை செஞ்சுக்கிட்டே கேட்கலாம். நெட் வேண்டாம், எழுத்தும் வேண்டாம்.

நமக்கு நாளைக்கே ரேடியோ வந்துடாது. லைசென்ஸ், கருவி, செலவு எல்லாம் இருக்கு. ஆனா கூட்டமைப்பு இதை ஒரு தீர்மானமாப் பேசணும்னு கேட்டுக்கறேன். அதுவரைக்கும் ஒவ்வொரு குழுவிலும் ஒருத்தர், போன் இல்லாத வீட்டுக்கு நடந்து போய்ச் சேதி சொல்லணும். எங்க தெருவுக்கு நான் பொறுப்பு. முதல்ல அந்த அக்கா வீட்டுக்குத்தான் போவேன்.