இரவு ஷிப்டுக்கும் கணக்கு உண்டு!

வேலைப்பளு என்றால் என்ன என்று ஆலைத் தொழிலாளிக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. இரண்டு சைடு பார்த்தவனை நான்கு சைடு பார்க்கச் சொன்னால் என்ன கதி என்பது அவனுக்குத் தெரியும். பத்துப் பேர் நடவேண்டிய வயலை ஆறு பேர் நட்டால் இடுப்பு என்ன பாடுபடும் என்பது விவசாயத் தொழிலாளிப் பெண்களுக்குத் தெரியும். ஆஸ்பத்திரி நர்சுகள் சுமக்கும் பளுவைப் பற்றி இன்று பேசுகிறோம். கடலூர் தலைமை மருத்துவமனையையும், 2021-ல் அரசின் மக்கள் நல்வாழ்வுத் துறையிடம் வந்த சிதம்பரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையும் நம்பி வாழும் நமக்கு இது உயிர்ப் பிரச்னை.

காலை ஷிப்டில் டாக்டர் ரவுண்டு, மருந்து, ஊசி, ஆபரேஷனுக்கு அனுப்புதல், ரிகார்டு எழுதுதல் என்று கை ஓயாது. மாலையில் ஆபரேஷன் முடிந்து வந்தவர்களையும் பார்க்க வரும் கூட்டத்தையும் கவனிக்க வேண்டும். இரவில்? "நோயாளி தூங்குகிறான், வேலை குறைவு" என்று சொல்லி ஆளைக் குறைக்கிறார்கள். பல ஆஸ்பத்திரிகளில் பகல் ஷிப்டு ஆறேழு மணி நேரம். இரவு ஷிப்டோ பன்னிரண்டு மணி நேரம்! ஆள் குறைவு, நேரம் அதிகம்.

நோய் தூங்குவதில்லை, தோழர்களே! கதிர் அறுக்கப் போனவரைக் கண்ணாடி விரியன் கடித்து இரவில் கொண்டுவருகிறார்கள். விஷமுறிவு மருந்து ஏறும்போது ஒவ்வாமை வருகிறதா என்று பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். இரத்தம் உறைகிறதா என்ற 20 நிமிடச் சோதனையை 6 மணிக்கொரு தடவை திரும்பச் செய்ய வேண்டும். பூச்சிமருந்து விஷம் ஏறியவருக்கு அட்ரோபின் கொடுத்தால், தொடக்கத்தில் ஐந்து நிமிடத்துக்கொரு தடவை நாடியும் மூச்சும் பார்க்க வேண்டும். அப்போது மற்றப் படுக்கைகளை யார் பார்ப்பது?

போட்ட ஊசிகளை எண்ணி இந்த வேலையை அளக்க முடியாது. விழித்துக் காத்திருப்பதே வேலை. அரவைக் காலத்தில் நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையில், இரவாயிற்றே என்று பாய்லரைக் கவனிக்கும் ஆளை வீட்டுக்கு அனுப்ப முடியுமா?

கணக்கு ஏற்கெனவே இருக்கிறது. போதனா மருத்துவமனையின் பொது வார்டில் 3 படுக்கைக்கு ஒரு நர்சு என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல். மூன்று ஷிப்டுக்கும் பிரித்தால், ஷிப்டுக்கு 9 படுக்கைக்கு ஒருவர். லீவுக்கு 30 சதம் கூடுதல். 36 படுக்கை வார்டில் காலை 4, மாலை 4, இரவும் 4! லீவு ஆளையும் சேர்த்தால் 16 பேர். உங்கள் உறவினர் படுத்திருக்கும் வார்டில் இரவு எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

1948-ம் ஆண்டு ஆலைச் சட்டம் தொழிலாளிக்கு நாளைக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரம்பு கட்டியது. போராடிப் பெற்றது அது. வேலை நேரம், ஷிப்டு, ஓய்வு ஆகியவற்றில் நர்சுகளுக்கு மற்றத் தொழிலாளருக்குக் குறையாத நிலைமை வேண்டும் என்று 1977-ல் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 149-வது உடன்படிக்கை செய்தது. இந்திய அரசு அதில் ஒப்பமிடவில்லை. உடலின் இயல்பைக் குலைக்கும் இரவு வேலை புற்றுநோய்க்குக் காரணமாகக் கூடும் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2007-லும் 2019-லும் எச்சரித்தது.

காலி இடங்களை ஒப்பந்த நர்சுகளைக் கொண்டு நிரப்பியது அரசு. மாதம் 7,700 ரூபாய்க்கு அமர்த்தப்பட்ட அவர்கள், 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கில் திரண்டு போராடினார்கள்.

"கூப்பிட்டும் வரவில்லை" என்று நடுநிசியில் நர்சிடம் நம்மவர் சிலர் சண்டைக்குப் போகிறார்கள். அவர் வராததற்குக் காரணம் வேறொரு படுக்கையில் ஊசலாடும் உயிர். கோபத்தை, ஆளைக் குறைத்தவர்கள் பக்கம் திருப்புவோம்!

ஷிப்டு வாரியாக நர்சு எண்ணிக்கையை வார்டு வாசலில் எழுதி வை! இரவு ஷிப்டின் நேரத்தைக் குறை! காலி இடங்களை நிரந்தரமாக நிரப்பு! இந்தக் கோரிக்கைகளை ஆலைச் சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் தங்கள் கோரிக்கைகளாக எழுப்பட்டும். நர்சும் தொழிலாளியே!