சமத்துவத்தின் பெயரால் ஒரு தடைச் சட்டம்



வெள்ளை, கறுப்பினக் குழந்தைகளைத் தனித்தனிப் பள்ளிகளில் பிரித்து வைப்பது அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954இல் தீர்ப்பளித்தது. தென் மாநிலங்கள் பத்தாண்டுக்கும் மேலாக அதை ஏட்டளவிலேயே வைத்திருந்தன. பேருந்தில் வேறு பகுதிப் பள்ளிகளுக்கு அனுப்பியேனும் பிரிவினையை ஒழிக்க நீதிமன்றங்கள் ஆணையிடலாம் என்று 1971இல், சார்லட் நகர் வழக்கில், அதே நீதிமன்றம் கூறியது.

உடனே 'கட்டாயப் பேருந்துப் பயணம்' என்ற கூக்குரல் வலுத்தது. அருகமைப் பள்ளி புனிதமாகிவிட்டது. ஆனால் 1969-70இலேயே அந்நாட்டு அரசுப் பள்ளி மாணவர்களில் 1 கோடியே 80 லட்சம் பேர், ஏறத்தாழ 39 விழுக்காட்டினர், பேருந்தில்தான் பள்ளிக்குச் சென்றனர். வர்ஜீனியாவின் நியூ கென்ட் வட்டாரத்தில் இரு இனத்தவரும் கலந்தே குடியிருந்தனர். ஆயினும் கறுப்பினப் பள்ளிக்கு 11, வெள்ளையர் பள்ளிக்கு 10 என 21 பேருந்துகள் ஒரே பகுதிகளில் குறுக்கும் நெடுக்குமாக ஓடின. பிரித்து வைக்க ஓடிய பேருந்து ஆட்சியாளருக்குக் கசக்கவில்லை!

1972 மார்ச்சில் ஜனாதிபதி நிக்சன் புதிய பேருந்து ஆணைகளுக்குத் தற்காலிகத் தடை கோரினார். 'இனச் சமநிலை' நோக்கிலான ஆணைகளை மேல்முறையீடு முடியும்வரை நிறுத்திவைக்கும் விதியை நாடாளுமன்றம் அவ்வாண்டே இயற்றியது. 1974 ஆகஸ்டில் வந்த சட்டமோ 'சமக் கல்வி வாய்ப்புச் சட்டம்' என்றே பெயர் சூட்டிக்கொண்டது. வீட்டுக்கு மிக அருகிலுள்ள பள்ளி, அல்லது அதற்கு அடுத்த பள்ளி. அதைத் தாண்டி மாணவரை அனுப்ப ஆணையிடலாகாது என்றது. அரசியல் சட்ட உரிமைகளை முழுமையாக நிலைநாட்டும் நீதிமன்ற அதிகாரம் இதனால் குறையாது என்ற வாசகத்தையும் கூடவே சேர்த்துக்கொண்டது. உரிமையை நேரே மறுக்கத் துணிவில்லாதோர் அதை அடையும் வழியை அடைக்க முயன்றனர்.

அந்த 'அருகமை' தானாக உருவானதா? கறுப்பினக் குடியிருப்புகளில் வீட்டுக் கடனுக்கு உத்தரவாதம் தர மறுத்தது கூட்டாட்சி அரசின் வீட்டுவசதி நிர்வாகமே. வெள்ளையர் மட்டுமே குடியேறிய புறநகர்களை வளர்த்ததும் அதுவே.

இதே 1974 ஜூலையில், டெட்ராய்ட் வழக்கில், புறநகரின் 53 பள்ளி மாவட்டங்களையும் சேர்த்த ஒருங்கிணைப்புத் திட்டத்தை உச்ச நீதிமன்றம் 5-4 என்ற பெரும்பான்மையில் நிராகரித்தது. கறுப்பின நீதிபதி தர்குட் மார்ஷல் கடுமையாக மாறுபட்டார். சுமை முழுவதும் நகரத்துக்குள் வாழும் ஏழைகள்மீதே இறங்கியது. செப்டம்பரில், பாஸ்டனில், கறுப்பினக் குழந்தைகள் சென்ற பேருந்துகள்மீது கற்கள் வீசப்பட்டன. கல் பறந்த தென் பாஸ்டன் அன்று வெள்ளைத் தொழிலாளர் வாழ்ந்த பகுதி. குழந்தைகள் வந்த ராக்ஸ்பரி கறுப்பின ஏழைகளின் பகுதி. நகரைச் சூழ்ந்த செல்வப் புறநகர்களுக்கு நீதிமன்ற ஆணை ஒரு பேருந்தைக்கூட அனுப்பவில்லை.