காய்ச்சித் தட்டிப் பார்ப்பது
(காரைக்காலில் மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே, பறையை நெருப்பில காய்ச்சுறோம், தட்டிப் பார்க்கிறோம், பத்தலைன்னா மறுபடி காய்ச்சுறோம். கணினியில் இதே வேலையைச் செய்யும் கருவிகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில் எங்கள் பறையைப் பதிந்தார்கள். சிண்டுக்குச்சியின் வெட்டு காதைக் குத்துதாம். கம்ப்ரசர் போட்டு அமுக்கிவிட்டார்கள். யாருடைய காதை? கருவியை நாமே செய்தால்தான் அதைக் கேட்க முடியும்.

ஜேம்ஸ் மெக்கார்ட்னி 1996இல் வெளியிட்ட சூப்பர்கொலைடர், 2002 முதல் கட்டற்ற மென்பொருள். ஒலி ஓடும்போதே நிரல் வரியை மாற்றலாம். ஃபௌஸ்ட் மொழி 2002இல் பிரான்சின் லியோன் நகரில் பிறந்தது. அதுவும் இலவசம். (1954 வரை இங்கே ஆண்டவர்கள் அள்ளிப்போனதற்கு இது வட்டிக்குக்கூட காணாது. இருந்தாலும் வாங்கிக்கொள்வோம்.)

எதிரொலியை எடுத்துக்கோங்க. பதிவில் ஒரு நொடி ஒலி 44,100 எண்கள். 13,230 எண்களைத் தேக்கி விட்டால் 0.3 நொடித் தாமதம். அதைப் பாதியாக்கித் திரும்ப உள்ளே விட்டால், அடி தேய்ந்து தேய்ந்து திரும்பி வரும். ஃபௌஸ்டில் இது ஒரே வரி. பிரவுசரே போதும். 0.2 ஆக்கிக் கேளுங்க, பிடிக்கலையா, மாத்துங்க. பிடித்துப்போனால் அதையே சி++ நிரலாகவும் ஃபௌஸ்ட் எழுதித் தரும். திரும்ப விடும் அளவு மட்டும் ஒன்றைத் தொடக்கூடாது; தொட்டால் ஒலி பெருகி ஊளையிடும், காது போய்விடும்.

அடுத்த முறை அடிக்குச்சி அடி தனியாக, சிண்டுக்குச்சி அடி தனியாகப் பதிந்து கொண்டு வாருங்கள். செல்போன் பதிவே போதும்.