கொடுமுடிக் குரலும் அதைக் கேட்ட காதுகளும்

(பூண்டுலோயாவில் நடைபெற்ற சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

இசையைப் பற்றி ஏதாவது பேச வேண்டும் என்று செயலாளர் அவர்கள் கேட்டுக்கொண்டார். இசையோ கடல்; எனக்குத் தந்திருப்பதோ அரை மணி நேரம். ஆகவே ஒரே ஒரு பாடகியின் இளமைப் பருவத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுகிறேன். ஒளவையார் என்றவுடன் நம் மனக்கண்ணில் யார் வந்து நிற்கிறார்? திருநீறு துலங்கும் நெற்றியும் கையிலே கோலுமாகக் கொடுமுடி கே. பி. சுந்தராம்பாள் அல்லவா வந்து நிற்கிறார்! 1953இல் ஜெமினி நிறுவனத்தார் எடுத்த அந்தப் படத்தைப் பார்த்த பெரியவர்கள் இந்தச் சபையிலும் இருக்கக்கூடும். ஆனால் அந்த மூதாட்டியைத்தான் நாம் அறிவோம். பத்து வயதுச் சுந்தராம்பாளையும் பதினெட்டு வயதுச் சுந்தராம்பாளையும் அறிந்தவர் மிகச் சிலரே. அந்தக் குரல் எங்கே கிடைத்தது, யார் அதைக் கண்டெடுத்தார்கள், எந்தப் பட்டறையிலே அது அடிபட்டு உருவாயிற்று என்பதைத்தான் இன்று சொல்லப் போகிறேன். அதிலே நம் இலங்கைத் திருநாட்டுக்கும் ஒரு பங்குண்டு.

கொடுமுடி என்பது காவிரிக் கரையிலே உள்ள பழம்பெரும் சிவத்தலம். சுந்தரமூர்த்தி நாயனார் நமச்சிவாயத் திருப்பதிகம் அருளியது அங்கேதான். அவ்வூரிலே 1908ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் சுந்தராம்பாள் பிறந்தார். அவர் பெயருக்கு முன்னால் உள்ள முதலெழுத்து ஊரைக் குறிக்கிறது. இரண்டாவது எழுத்து தாயார் பாலாம்பாளைக் குறிக்கிறது. தந்தையின் பெயருக்கு அங்கே இடமில்லை என்பதைக் கவனியுங்கள். தந்தை சிறு வயதிலேயே போய்விட, பிள்ளைகளை வைத்துக்கொண்டு தனித்துப் போராடியவர் அந்தத் தாய்தான். வீட்டிலே வறுமை. வீணை கிடையாது, தம்புரா கிடையாது, குரு கிடையாது.

இதை நான் அழுத்திச் சொல்லுவதற்குக் காரணம் உண்டு. ஏறத்தாழ அதே காலத்தில் வளர்ந்த வேறு இரண்டு மாபெரும் பாடகிகளைப் பாருங்கள். மதுரை எம். எஸ். சுப்புலட்சுமியின் தாயார் சண்முகவடிவு, வீணை வித்துவாம்சினி. பாட்டி அக்கம்மாள், பிடில் வாசித்தவர். தொட்டிலிலேயே சுருதி சேர்ந்துவிட்டது. பத்து வயதிலே இசைத்தட்டும் வந்துவிட்டது. காஞ்சிபுரத்து டி. கே. பட்டம்மாளுக்கு வீட்டிலே கேள்வி ஞானம் இருந்தது; தடையாக நின்றது ஊர் வழக்கம். அவர் பிறந்த குலத்துப் பெண்கள் சபையேறிப் பாடுவதில்லை என்ற அந்தக் கட்டை உடைத்துக்கொண்டு, 1929இலே, பத்து வயதிலே, சென்னை வானொலியில் பாடினார். சுந்தராம்பாளுக்கோ ஒருவருக்குக் கிடைத்த வீடும் இல்லை, மற்றவருக்குக் கிடைத்த கல்வியும் இல்லை. தொண்டை ஒன்றுதான் இருந்தது.

அந்தத் தொண்டையைக் கேட்டவர் யார்? திருச்சிராப்பள்ளியிலே எப். ஜி. நடேச ஐயர் என்றொருவர் இருந்தார். இரயில்வேயிலே உத்தியோகம், நெஞ்சமெல்லாம் நாடகம். ஓடும் புகைவண்டியிலே ஒரு சிறுமி பாடக் கேட்டு, விசாரித்து, நாடக மேடைக்கு வழிகாட்டினார் என்று சொல்லுவார்கள். எம். கே. தியாகராஜ பாகவதரைச் சிறு பையனாக இருந்தபோது மேடையேற்றியவரும் இவரே. ஒரே மனிதர்! இசை உலகிலே இப்படிப்பட்டவர்களுக்குப் பட்டமும் இல்லை, பொன்னாடையும் இல்லை. பாடியவரைப் போற்றுகிறோம், முதன்முதல் காது கொடுத்தவரை மறந்துவிடுகிறோம்.

கடல் கடந்த தேசத்திலும் இதற்கு ஒப்பான கதை ஒன்று உண்டு. மேனாட்டுச் சங்கீதத்திலே பெண் குரலின் மிக உயர்ந்த வகையைச் சொப்ரானோ என்பார்கள். அந்த வகையிலே உலகப் புகழ் பெற்றவர் ஜென்னி லிண்ட் என்னும் சுவீடன் தேசத்துப் பெண்மணி. 1820இல் ஸ்டொக்ஹோம் நகரத்தில் எளிய நிலையில் பிறந்தவர். ஜன்னலோரத்தில் உட்கார்ந்து தன் பூனைக்குப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்த அந்தச் சிறுமியின் குரலைத் தெருவிலே போன ஒருத்தி கேட்டாள். அவள் சீமாட்டி அல்லள்; நாட்டியக்காரி ஒருத்தியின் வீட்டு வேலைக்காரி. அவள் போய் எசமானியிடம் சொல்ல, அந்த அம்மையார் பிள்ளையை அழைப்பித்துப் பாடச் சொல்லிக் கேட்டார். ஒன்பது பத்து வயதிலேயே அரச நாடகசாலையின் பள்ளியிலே ஜென்னிக்கு இடம் கிடைத்தது. கேட்கத் தெரிந்த காதுக்கு உத்தியோகமும் வேண்டியதில்லை, படிப்பும் வேண்டியதில்லை.

மீண்டும் நம் சுந்தராம்பாளிடம் வருவோம். வேலு நாயர் நடத்திய நாடகக் கம்பெனியிலே அவர் சேர்ந்தார். நல்லதங்காள் நாடகத்தில் ஆண் குழந்தை வேடம் கிடைத்தது. பசியால் துடிக்கும் பிள்ளையாக நின்று பாட வேண்டிய வேடம் அது. பசியை அறிந்த குழந்தை பசியைப் பாடினால் சபையின் கண் கலங்காதிருக்குமா?

அந்தக் காலத்து நாடக மேடையை இன்றைய இளைஞர்கள் கற்பனை செய்வது சிரமம். இரவு பத்து மணிக்குத் தொடங்கினால் விடியும்வரை நடக்கும். வசனத்தைவிடப் பாட்டே அதிகம். ஒலிபெருக்கி கிடையாது. கொட்டகையின் கடைசி வரிசையிலே தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருப்பவனுக்கும் சொல் தெளிவாகக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் அவன் சும்மா இருக்கமாட்டான். பாட்டுப் பிடித்துவிட்டாலோ 'ஒன்ஸ்மோர்' என்று கத்துவான். மறுபடியும் பாடியே ஆகவேண்டும். ஸ்பெஷல் நாடகம் என்று ஒரு வகை இருந்தது. ஓர் ஊரிலிருந்து கதாநாயகனும் வேறோர் ஊரிலிருந்து கதாநாயகியும் வருவார்கள். ஒத்திகை என்பதே இராது. சங்கரதாஸ் சுவாமிகள் முதலிய ஆசிரியர்களின் நாடகப் பாடல்கள் எல்லார்க்கும் பாடம்; மற்றதெல்லாம் மேடையிலேயே, ஆர்மோனியக்காரர் பிடித்துக் கொடுக்கும் சுருதியிலேயே, கேள்விக்குப் பதிலாகப் பாடிக்கொள்ள வேண்டியதுதான். இதைவிடக் கடுமையான சங்கீதப் பள்ளிக்கூடம் எங்கே இருக்கிறது? சுந்தராம்பாள் பெண் வேடம் மாத்திரமல்லாமல் ஆண் வேடமும் தரித்துப் பாடினார்.

சுருதி என்றேன். அதைச் சற்று விளக்கவேண்டும். ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை ஒன்று, இரண்டு என்று எண்ணுகிறோம். நடுவில் வரும் கறுப்புக் கட்டைகளை ஒன்றரை, இரண்டரை என்கிறோம். ஆண்கள் பொதுவாக ஒன்று, ஒன்றரை, இரண்டு கட்டையில் பாடுவார்கள். பெண்கள் நாலரை, ஐந்து, ஐந்தரையில் பாடுவார்கள். நாடக மேடையிலோ ஆண்களும் நான்கு, ஐந்து என்று ஏற வேண்டியிருந்தது. உயர்ந்த சுருதிதான் கொட்டகையைக் கிழித்துக்கொண்டு போகும். ஒலிபெருக்கி வந்த பிறகு ஆண் பாடகர்களின் சுருதி மெல்ல மெல்ல இறங்கிவிட்டது. நமது திருவிழாக்களிலே ஒலிபெருக்கியையும் வைத்துக்கொண்டு அதற்குள்ளே கத்துகிறோமே, அது எந்தச் சாஸ்திரத்தில் சேர்ந்ததோ, முருகனுக்குத்தான் வெளிச்சம்!

1920களின் நடுவிலே சுந்தராம்பாள் நாடகத்துக்காக இலங்கைக்கு வந்தார். வயது பதினெட்டு இருக்கும். தனுஷ்கோடியில் கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கும் வழி. நம் பாட்டன் பாட்டிமாரிலே பலரும் வந்த அதே வழி. கொழும்பிலே அவருக்குப் பேரும் புகழும் கிட்டின. அங்கேதான் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவுடன் சேர்ந்து நடிக்கும் வாய்ப்பு வந்தது. கிட்டப்பா 1906இல் பிறந்தவர். அவரும் பால்யத்திலேயே மேடையேறியவர். ஆண்களில் அப்படியொரு உச்சக் குரல் அபூர்வம். அவரோடு நின்று பாடுவதென்றால் எந்த நடிகைக்கும் நெஞ்சு படபடக்கும்.

வள்ளி திருமணம் நடந்தது. அந்த நாடகத்தில் வேடன் கேட்க, வள்ளி பதில் சொல்லுவாள். பாட்டுக்குப் பாட்டு, சொல்லுக்குச் சொல் தர்க்கம். ஒருவர் ஏறினால் மற்றவர் அதற்கு மேல் ஏற வேண்டும். சுந்தராம்பாள் பின்வாங்கவில்லை. அதன் பிறகு இவர்கள் இருவரும் சேர்ந்த நாடகம் என்றாலே கூட்டம் தாங்காது என்ற நிலை உண்டாயிற்று. ஆக, தென்னிந்திய நாடக உலகத்தின் புகழ்பெற்ற ஜோடி ஒன்று சேர்ந்தது நம் நாட்டு மேடையிலேதான். இதைக் கொழும்புக்காரர்களே அதிகம் சொல்லிக்கொள்வதில்லை, நாமாவது சொல்லிக்கொள்ளலாம்.

1927இலே இருவரும் மணம் புரிந்துகொண்டார்கள். கிட்டப்பா ஏற்கெனவே மணமானவர். அந்த வாழ்க்கையின் இன்ப துன்பங்களை ஆராய இது இடமன்று. 1933 டிசம்பர் 2ஆம் திகதி, இருபத்தேழு வயதிலே, கிட்டப்பா மறைந்தார். சுந்தராம்பாளுக்கு வயது இருபத்தைந்து. வெள்ளை உடை உடுத்தினார். ஆடவருக்கு ஜோடியாக இனி நடிப்பதில்லை என்று சங்கற்பம் செய்துகொண்டார். மேடையை விட்டே ஒதுங்கியிருந்தவரைத் தேசத் தொண்டின் பக்கமும் இசையின் பக்கமும் திருப்பியதிலே சத்தியமூர்த்தி அவர்களுக்குப் பெரும் பங்குண்டு. 1935இல் நந்தனார் படத்திலே நந்தனாராகவே, ஆண் வேடத்திலேயே நடித்தார், சங்கற்பமும் கெடவில்லை. அதற்கு அவர் பெற்ற ஊதியம் ஒரு இலட்சம் ரூபாய். அந்த நாளிலே ஒரு இலட்சம்! பசித்த பிள்ளையாக மேடையேறிய சிறுமி இருபத்தேழாம் வயதிலே எட்டிய இடம் அது. படம் என்னவோ எதிர்பார்த்தபடி ஓடவில்லை. குரல் ஓடிக்கொண்டே இருந்தது.

அன்பர்களே, இனி நம் மலைக்கு வருகிறேன். மாசி மாதத்திலே நம் தோட்டங்களில் காமன் கூத்து ஆடுகிறோம். பொன்னர் சங்கர் ஆடுகிறோம். அருச்சுனன் தபசு ஆடுகிறோம். இரவெல்லாம் குளிரிலே நின்று, ஒலிபெருக்கி இல்லாமலே பாடி வந்த அண்ணாவிமாரின் தொண்டைக்கு நான் தலை வணங்குகிறேன். ஆனால் ரதியாக வருபவர் யார்? மீசையை மழித்த ஒரு தம்பி! அவர் நன்றாகவே ஆடுகிறார், குறை சொல்லவில்லை. நம் பெண்களுக்குக் குரல் இல்லையா? கொழுந்து மலையிலே பாடுகிறார்கள், தாலாட்டுகிறார்கள், இழவு வீட்டிலே ஒப்பாரி வைத்தால் கல்லும் கரைகிறது. வாணி விழாவிலே எட்டாம் வகுப்புப் பிள்ளை தேவாரம் பாடினால் ஊரே மெச்சுகிறது. அந்தப் பிள்ளை இரண்டு மூன்று வருஷத்துக்குப் பிறகு எங்கே? கொழும்பிலே ஒரு தொழிற்சாலையிலோ கடையிலோ இருக்கிறாள். அல்லது லயத்திலே அடுப்படியில் இருக்கிறாள். பாட்டு நின்றுவிட்டது. "பெரிய பிள்ளையாகிவிட்டாள், இனி என்ன மேடை?" என்று சொன்னவர்கள் நாம்தாம். இங்கே உள்ள பெரியோர்கள் என்னைக் கோபித்துக்கொண்டாலும் சரி, இதைச் சொல்லாமல் போகமாட்டேன். நாடகக்காரி என்ற ஏச்சைக் கேட்டு வளர்ந்த அம்மையார் பாடிய முருகன் பாட்டைத்தானே திருவிழாக் காலையில் கோயிலிலே போட்டுக் கேட்கிறோம்!

குரலைக் கண்டெடுத்தால் மட்டும் போதாது, காக்கவும் வேண்டும். முன்னே சொன்ன ஜென்னி லிண்ட் இருபது வயதுக்குள் ஓயாது பாடித் தொண்டையைக் கெடுத்துக்கொண்டார். 1841இல் பாரிஸ் நகரத்துக்குப் போய் மனுவேல் கார்சியா என்னும் ஆசிரியரிடம் நின்றார். அவர் கொடுத்த முதல் பாடம் என்ன தெரியுமா? சில காலம் பாடவே கூடாது என்பதுதான்! ஓய்வுக்குப் பிறகு மூச்சிலிருந்து தொடங்கிப் புதிதாகக் கற்பித்தார். குரல் திரும்பி வந்தது. குரல்வளையைக் கண்ணாடி வைத்துப் பார்க்கும் முறையைப் பின்னாளில் உலகுக்குச் சொன்னவரும் அந்தக் கார்சியாவே. குரல் முற்றாத பிள்ளைகளைத் திருவிழாவுக்குத் திருவிழா உச்சத்திலே கத்தவிடும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும். தடிமன் பிடித்த நாளிலே பாட வைக்காதீர்கள். பிள்ளையின் சுருதி எதுவோ அதிலே பாடட்டும். அடுத்த வீட்டுப் பிள்ளையின் சுருதியிலே வேண்டாம்.

வழி இல்லாமல் இல்லை. வட இலங்கைச் சங்கீத சபை தரந்தரமாகப் பரீட்சை நடத்துகிறது; படிப்படியாகத் தேறலாம். அதற்கு மேலே படிக்க விரும்புவோர்க்கு யாழ்ப்பாணத்திலே இராமநாதன் பெயரிலான நுண்கலைப் பீடமும், மட்டக்களப்பிலே சுவாமி விபுலாநந்தர் பெயரால் அமைந்த நிறுவகமும் இருக்கின்றன. இரண்டும் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தவை. சுந்தராம்பாளுக்கு இவற்றில் ஒன்றுமே இருக்கவில்லை. தம்புரா வாங்கப் பணம் இல்லையே என்றும் சொல்ல முடியாது. இன்று கைத்தொலைபேசியிலேயே சுருதி வைத்துக்கொள்ளலாம்.

சங்கத்துக்கு என் வேண்டுகோள் ஒன்றே. வாரத்தில் ஒரு நாள், ஞாயிறு காலை இரண்டு மணி நேரம், ஒரு பாட்டு வகுப்பு. இந்த வட்டாரத்திலே சங்கீதம் கற்பிக்கும் ஆசிரியை ஒருவரைக் கேட்டுக்கொள்வோம். அவருடைய பஸ் செலவைச் சங்கம் ஏற்கட்டும். பெண் பிள்ளைகள் வந்து போகத் தாய்மாரில் இருவர் முறை போட்டுத் துணை வரட்டும். அப்போது எந்த வீட்டிலும் தடை சொல்லமாட்டார்கள். ஒவ்வொரு தோட்டத்திலும் உள்ள நம் உறுப்பினர்கள், எந்த லயத்திலே எந்தப் பிள்ளை பாடுகிறது என்று இந்த மாதத்துக்குள் கேட்டு வந்து பெயரைக் கொடுக்கட்டும். ஆலய மண்டபத்தின் சாவி ஞாயிற்றுக்கிழமைகளில் யாரிடம் இருக்கும் என்பதைத் தலைவர் அவர்கள் இந்தக் கூட்டத்திலேயே அறிவித்துவிட்டால் எனக்கும் பெரிய உபகாரமாக இருக்கும்.