மண்ணில் குத்தும் கருவி வாங்கலாமா?

(வீட்டுத்தோட்டக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



போன கூட்டத்தில் மேட்டு லயத்துப் பிள்ளைகள் ஒரு கேள்வி கேட்டார்கள். ஆனைக்கொய்யா, தோடை, கொய்யா எல்லாம் வைத்திருக்கிறோம், எதற்கு எவ்வளவு உரம் என்று தெரியவில்லை. மண்ணில் குத்தினால் உரக் கணக்குச் சொல்லும் கருவி என்று போனில் விளம்பரம் வருகிறதே, மாதர் சங்கச் சீட்டுக் காசில் ஒன்று வாங்கிப் பொதுவில் வைத்துக்கொள்ளலாமா என்று. கேட்டது நியாயம்தான். 2021 மே மாதம் அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தியதும், நவம்பரில் அதைக் கைவிட்டதும், பிறகு உர மூட்டை விற்ற விலையும் இங்கே யாருக்கும் மறந்திருக்காது. ஒரு பிடி உரத்தையும் யோசித்துத்தான் போட வேண்டியிருக்கிறது.

ஆகவே அந்தக் கருவியைப் பற்றி விசாரித்துப் பார்த்தோம். நைதரசன், பொசுபரசு, பொட்டாசியம் என்று மூன்றுக்கும் தனித்தனி எண் காட்டும். ஆனால் உள்ளுக்குள் அது அளப்பது ஒன்றைத்தான். ஈர மண்ணில் மின்சாரம் எவ்வளவு லேசாக ஓடுகிறது என்று பார்க்கிறது, அதை வைத்து மூன்று எண்ணையும் தானே கணக்குப் போட்டுக்கொள்கிறது. சமையல் உப்பைக் கரைத்து ஊற்றிய மண்ணில் குத்தினால், உரம் கூடிப்போச்சு என்று காட்டும். காய்ந்த மண்ணில் குத்தினால் உரமே இல்லை என்று காட்டும். ஆபத்து இதில்தான் இருக்கிறது. வெயில் நாளில் குத்திப் பார்த்துவிட்டு, ஐயோ ஒன்றுமில்லையே என்று இன்னும் இரண்டு பிடி யூரியா போடுவோம். காசும் போகும், மரத்தின் வேரும் கருகும்.

அப்படியானால் பெரிய தோட்டக்காரர்கள் கருவி வைத்துத்தானே உரம் போடுகிறார்கள் என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் வாதுமை, தோடை, திராட்சை எல்லாம் பெருந்தொகையாகச் செய்கிறார்கள். அங்கே மண்ணில் வைப்பது பெரும்பாலும் ஈரம் காட்டும் கருவி. ஒன்றை வேர் நிறைந்த மேல் மண்ணிலும் இன்னொன்றை வேருக்குக் கீழேயும் புதைக்கிறார்கள். தண்ணீர் விட்ட பிறகு கீழ்க்கருவியும் ஈரம் காட்டினால், தண்ணீர் வேரைத் தாண்டி இறங்கிவிட்டது, கரைந்த உரத்தையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது என்று அர்த்தம். அடுத்த முறை தண்ணீரைக் குறைப்பார்கள். உரத்தின் அளவை இலையையும் மண்ணையும் ஆய்வுகூடத்தில் சோதித்து, எவ்வளவு காய் பறித்தோம் என்று கணக்குப் பார்த்துத் தீர்மானிக்கிறார்கள். கருவி அதற்கு ஒரு துணை, அவ்வளவுதான்.

அவர்கள் இவ்வளவு கவனமாக இருப்பதற்கு ஒரு காரணம் கிணற்றுத் தண்ணீர். யூரியாவோ சாணமோ, எதுவானாலும் மண்ணில் கடைசியில் நைத்திரேற்று என்ற உப்பாக மாறும். அதை மண் பிடித்து வைக்காது, தண்ணீரோடு இறங்கிவிடும். அந்த மாநிலத்தில் இரண்டு பள்ளத்தாக்குகளை ஆராய்ந்து 2012இல் ஒரு பல்கலைக்கழக அறிக்கை வந்தது. சுமார் இரண்டரை இலட்சம் பேரின் குடிதண்ணீர் இந்த உப்பினால் கெடும் நிலையில் இருக்கிறது, வந்த உப்பில் நூற்றுக்கு 96 பங்கு பயிர் நிலத்திலிருந்து வந்தது என்று அதில் சொன்னார்கள்.

தாய்மார்கள் இதைக் கொஞ்சம் கவனியுங்கள். நம்ம மரங்கள் மேட்டில், பீலி பள்ளத்தில். மேலே போட்டது கீழேதான் வரும். ஒரு லீற்றர் குடிதண்ணீரில் நைத்திரேற்று 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. கூடினால் முதலில் பாதிக்கப்படுவது புட்டிப்பால் குடிக்கும் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை. இரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் உடம்பு நீலம் பாரிக்கும். தண்ணியைக் கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். கொதித்தால் கிருமி சாகும், இந்த உப்புப் போகாது. தண்ணீர் வற்ற வற்ற இன்னும் கூடத்தான் செய்யும். ஆகவே பீலிக்கு மேலே உர மூட்டையும் வேண்டாம், சாணக் குவியலும் வேண்டாம்.

கலிபோர்னியாக்காரன் குழாயை மூடலாம், நாம வானத்தை மூட முடியாதே! மேற்குப் பக்கத்து மலைகளுக்கு மே கடைசியிலிருந்து அடைமழை, ஊவாப் பக்கம் வருசக் கடைசியில். அந்த மழைக்கு முன்னால் போட்ட உரம் கானில்தான் போகும். மண் ஈரமாக இருந்து மழை ஓய்ந்திருக்கும் நாள் பார்த்துப் போடுங்கள். ஒரே தடவையில் கொட்டாமல் வருசத்துக்கு மூன்று நாலாகப் பிரியுங்கள். அடிமரத்தில் குவிக்காமல் கிளை நிழல் விழும் ஓரத்தைச் சுற்றித் தூவி, லேசாகக் கொத்தி மூடி, இலை தழை போடுங்கள். திறந்து கிடக்கும் யூரியா ஆவியாகப் போய்விடும். சரிவில் மரத்துக்குக் கீழ்ப்பக்கம் அரைவட்டமாக ஒரு வரப்புக் கட்டினால் மழை அரித்துக்கொண்டு போகாது. ஆனால் ஆனைக்கொய்யாவுக்குத் தண்ணீர் தேங்கக் கூடாது, வேர் அழுகிவிடும். ஈரம் பார்க்கக் கை போதும். ஒரு சாண் ஆழத்து மண்ணை எடுத்து உருட்டுங்கள். உருண்டை நின்றால் ஈரம் இருக்கிறது, உதிர்ந்தால் இல்லை.

இன்னொரு விடயம் புளிப்பு. தேயிலை மண் பி.எச். 4.5 முதல் 5.5 வரை இருந்தால் தேயிலைக்குச் சந்தோஷம். ஆனைக்கொய்யாவுக்கு 6ஐ ஒட்டி இருப்பது நல்லது. மண் அதிகம் புளித்திருந்தால் போடும் உரத்தை மரம் சரியாக எடுக்காது, யூரியா அதை இன்னும் புளிக்க வைக்கும். அங்கே முதலில் வேண்டியது டொலமைட். அதையும் யூரியாவையும் சேர்த்துக் கலந்து போடாதீர்கள், யூரியாவின் சத்து காற்றோடு போகும். எவ்வளவு டொலமைட் என்பதை மண்ணைச் சோதித்தால்தான் சொல்ல முடியும்.

ஆகவே சீட்டுக் காசில் கருவி வேண்டாம், மண் சோதனை செய்வோம் என்பது எங்கள் அபிப்பிராயம். வருகிற ஞாயிறு காலை ஒவ்வொரு லயத்துக்கும் ஒரு பை மண் பிள்ளை மடுவத்துக்கு வர வேண்டும். பத்து மரத்தடியில் மேல் சருகை விலக்கி, ஒரு சாண் ஆழம் வரை எடுத்து, சுத்தமான வாளியில் கலந்து, நிழலில் உலர்த்தி அரைக் கிலோ கொண்டு வாருங்கள். உரம் போட்ட கையோடு எடுத்த மண் வேண்டாம். உரம் வந்த பையில் கட்டியும் கொண்டுவர வேண்டாம்.