முதல் ஆறு வாரம்



ஓகஸ்ட் கடைசியில் லண்டன் வெம்பிளியின் ஈலிங் ரோட் கடைகளில் எங்கள் ஆட்கள் சந்தித்தால் ஒரே கதைதான். மகனுக்கு எங்கே இடம் கிடைத்தது, மகள் என்ன கோர்ஸ் எடுத்திருக்கிறாள். இடம் கிடைத்துவிட்டது என்று சொன்னதும் கேட்டவருக்கும் நிம்மதி, சொன்னவருக்கும் நிம்மதி. அதே பிள்ளை ஜனவரியிலும் கல்லூரிக்குப் போகிறதா என்று யாரும் கேட்பதில்லை. இன்றைக்கு நான் பேச வந்தது அந்த ஜனவரியைப் பற்றி.

பல்கலைக்கழகத்தைப் பற்றி நாங்கள் நிறையவே பேசுகிறோம். அதற்கு முந்திய கல்லூரியைப் பற்றிப் பேசுவது குறைவு. அமெரிக்காவில் கம்யூனிட்டி கொலிஜ் என்கிறார்களே, இங்கே அதற்குக் கிட்டவானது இந்தக் கல்லூரி. வெம்பிளிக்காரருக்கு உடனே நினைவுக்கு வருவது கொலிஜ் ஒஃப் நோர்த் வெஸ்ட் லண்டன். வெம்பிளி பார்க்கில் ஒரு வளாகம், டொலிஸ் ஹில் ஸ்டேஷனுக்குக் கிட்ட வில்ஸ்டன் வளாகம். 2017இல் சிட்டி ஒஃப் வெஸ்ட்மினிஸ்டர் கல்லூரியோடு இணைந்து யுனைட்டட் கொலிஜஸ் குரூப் ஆயிற்று. பெரியவர்களுக்கென்று பிரெண்ட் நகரசபை நடத்தும் பிரெண்ட் ஸ்டார்ட் வகுப்புகளும் உண்டு.

இங்கே போகிறவர்கள் யார்? சிக்ஸ்த் ஃபோர்ம் கிடைக்காத பதினாறு வயதுப் பெடியன். பாரிசிலோ டென்மார்க்கிலோ பாதிப் படிப்பை விட்டுவிட்டு, பெற்றோரோடு லண்டனுக்கு மாறி வந்த பிள்ளை. கல்யாணம் முடித்து ஊரிலிருந்து வந்த மருமகள். வருடக்கணக்காகப் பெற்றோல் ஸ்டேஷனில் நின்றுவிட்டு, இனியாவது எலெக்ட்ரீஷியன் வேலை பழகுவோம் என்று புறப்பட்ட அண்ணன்.

இங்கிலாந்தில் 2015 முதல் 18 வயதுவரை கல்வியிலோ பயிற்சியிலோ இருக்க வேண்டும் என்பது சட்டம். சட்டம் இருந்தும் பிள்ளைகள் நின்றுவிடுகிறார்கள். நின்றது வீட்டுக்குத் தெரிய வருவதற்குள் மாதங்கள் போய்விடுகின்றன.

கல்லூரிகளுக்குள் 42 நாள் என்று ஒரு கணக்கு இருக்கிறது. 24 வாரமோ அதற்கு மேலோ நடக்கிற ஒரு படிப்பில் சேர்ந்தவர் முதல் 42 நாளைத் தாண்டினால்தான் அரசின் நிதிக் கணக்கில் அவர் மாணவர். 16 முதல் 19 வயதுக்காரரில், அதற்குப் பிறகு இடையில் நிற்பவர் அந்தக் கணக்கில் பாதியாகத்தான் எண்ணப்படுவார். ஆகவே முதல் ஆறு வாரம் கல்லூரிக்காரர் வரவுப் பதிவேட்டைக் கவனமாகப் பார்ப்பார்கள். அந்தக் கவனம் வீட்டிலும் வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள்.

நிற்பது எப்படி நடக்கிறது தெரியுமா? முதல் திங்கட்கிழமை வயிற்றுக்குத்து என்று ஒரு வகுப்பு விடுபடும். அடுத்த திங்கள், போன கிழமை சொன்னது விளங்காதே என்ற பயத்தில் இன்னொன்று. ஆசிரியர் மின்னஞ்சல் போடுவார். அது கல்லூரி கொடுத்த கணக்குக்குப் போகும். அந்தக் கணக்கின் கடவுச்சொல்லைச் சேர்ந்த முதல் நாளே மறந்தாயிற்று. மூன்றாம் கிழமை போக வெட்கம். காலையில் பையோடு வெளிக்கிட்டு, மெக்டொனால்ட்ஸில் இருந்துவிட்டுப் பின்னேரம் வீட்டுக்கு வருகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். படிக்க ஏலாமல் நின்றவர்கள் இவர்களில் மிகக் குறைவு. சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும் ஒன்றைச் சொல்லாமல் நின்றவர்கள்தான் கூட.

பெரியவர்களின் வெட்கம் வேறு விதம். எனக்குத் தெரிந்த ஒரு தாய், ஊரில் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்தவர். ஈசோல் ஆங்கில வகுப்புக்குப் பதியப் போனார். கணினியில் ஒரு மதிப்பீடு வைத்து, என்ட்ரி 2 என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்தவர், வீட்டில் யாருக்கும் காட்டவில்லை. வகுப்பில் முதல் கிழமை பழங்களின் பெயரும் கிழமைகளின் பெயரும் நடந்தது. இரண்டாம் கிழமையோடு நிறுத்திக்கொண்டார். உயர்தரம் சித்தியடைந்து, முப்பது நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் நின்று படிப்பித்த ஒருவருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அந்த மதிப்பீடு பார்ப்பது ஆங்கிலத்தை மட்டும்தான். உங்கள் அறிவையும் ஊரில் எடுத்த சான்றிதழையும் அது தொடுவதே இல்லை. என்ட்ரி 1, 2, 3, பிறகு லெவல் 1, லெவல் 2 என்று வரிசை போகும். பேசுவதில் ஒரு நிலை, எழுதுவதில் இன்னொரு நிலை என்று இருப்பது எங்கள் ஆட்களுக்குச் சாதாரணம். வகுப்பு மிக இலகுவாக இருந்தாலும் மிகக் கடினமாக இருந்தாலும் முதல் இரண்டு மூன்று கிழமைக்குள் ஆசிரியரிடம் சொல்லுங்கள், மாற்றித் தர வழி இருக்கிறது. ஊர்ச் சான்றிதழ் இங்கே எதற்குச் சமம் என்று அறிய யூ.கே. எனிக் என்ற நிறுவனம் இருக்கிறது. முன்பு நாரிக் என்று சொன்னோமே, அதுதான்.

காசு விசயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாரம் 30 பவுண்ஸ் வரை கொடுத்த பழைய ஈ.எம்.ஏ. உதவி 2011இல் இங்கிலாந்தில் நின்றுபோயிற்று. அதற்குப் பதிலாக வந்தது 16–19 பேர்சரி. பராமரிப்பில் வளர்ந்த பிள்ளைகள் போன்ற சிலருக்கு வருடம் 1,200 பவுண்ஸ் வரை கிடைக்கலாம். மற்றவர்களுக்குக் குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கல்லூரி முடிவெடுக்கும். வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைக்குக் கல்லூரியில் மதியச் சாப்பாடும் இலவசம், 2014 முதல். லண்டனில் வசிக்கும் 16, 17 வயதுக்காரர் ஸிப் ஒய்ஸ்டர் அட்டை எடுத்தால் பஸ் இலவசம், ஆகவே வெம்பிளியிலிருந்து வில்ஸ்டனுக்கு 297ஆம் இலக்க பஸ்ஸில் காசில்லாமல் போய்வரலாம். பிள்ளை முழுநேரம் படிக்கும்வரை, இருபது வயது ஆகும்வரை, சைல்ட் பெனிபிட் தொடரும். படிப்பை நிறுத்தினால் வரித் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும், இல்லாவிட்டால் கூடுதலாக வந்த காசைத் திருப்பிக் கட்ட நேரும். இவற்றில் எதுவும் தானாக வீடு தேடி வராது. படிவம் நிரப்ப வேண்டும், அதுவும் செப்டெம்பரிலேயே.

இனி, கடை வைத்திருக்கும் எங்கள் முதலாளிமாரிடம் ஒரு வார்த்தை. உங்கள் கவுண்டரில் நிற்கிற பெடியனுக்குக் கல்லூரி வாரத்தில் மூன்று நாளோ நான்கு நாளோதான். அந்த நாட்களில் "ஆள் வரேல்லை, ஒருக்கால் ஓடி வா தம்பி" என்று கூப்பிடாதீர்கள். மாமா கூப்பிட்டால் அவனால் மறுக்க ஏலாது. அவனுடைய நேர அட்டவணையைக் கேட்டு வாங்கி, வேலை அட்டவணைக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். பார்க் ரோயல் தொழிற்சாலைகளில் இரவு வேலை முடித்து, ஒன்பது மணி வகுப்பில் கண் சொருக இருக்கிற பெரியவர்களுக்கும் சொல்கிறேன்: பின்னேர வகுப்பு உண்டா என்று பதியும்போதே கேளுங்கள்.

படிப்பை இடையில் நிறுத்தும் இந்தப் பிரச்சினை எங்களுக்கு மட்டும் உரியதில்லை. நியூயோர்க் நகரப் பல்கலைக்கழகம் தன் கம்யூனிட்டி கொலிஜ்களில் 2007இல் அசாப் என்ற திட்டத்தைத் தொடங்கியது. கட்டணத்தில் விழும் துண்டை அடைத்தார்கள். புத்தகச் செலவுக்கு உதவினார்கள், ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் மெட்ரோகார்ட் கொடுத்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அடிக்கடி கண்டு கதைக்கிற ஓர் ஆலோசகரை ஒவ்வொருவருக்கும் வைத்தார்கள். எம்.டி.ஆர்.சி. ஆய்வு நிறுவனம் மாணவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்துப் பார்த்தபோது, மூன்று வருடத்தில் பட்டம் எடுத்தவர்கள் வழமையான குழுவில் நூற்றுக்கு 22 பேர், அசாப் குழுவில் 40 பேர். மெட்ரோகார்டும் ஆலோசகரும் சின்ன விசயங்களாகத் தெரியலாம். பலர் விழுவது அந்தச் சின்ன இடங்களில்தான்.

இங்கிலாந்திலும் ஒரு பரிசோதனை நடந்தது. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். பிஹேவியரல் இன்சைட்ஸ் ரீம் என்ற அமைப்பு, கல்லூரி மாணவர்களிடம் தங்களுக்குத் துணையாக நிற்கக்கூடிய இரண்டு பேரைச் சொல்லச் சொன்னது. தாயாக இருக்கலாம், சித்தியாக இருக்கலாம், நண்பனாகவும் இருக்கலாம். அந்த இரண்டு பேருக்கும் கல்லூரியிலிருந்து குறுஞ்செய்தி போகும்: அடுத்த கிழமை கணிதச் சோதனை, எப்படித் தயாராகிறாய் என்று கேளுங்கள். அவ்வளவுதான். அந்தப் பரிசோதனையில் வகுப்புக்கு வருவதும் கூடியது, சோதனையில் சித்தியும் கூடியது.

குறுஞ்செய்தி வரும்வரை நாங்கள் காத்திருக்கத் தேவையில்லை, வீட்டில் நாங்களே கேட்கலாம். ஜி.சி.எஸ்.ஈ. ஆங்கிலத்திலோ கணிதத்திலோ 4 எடுக்காத பிள்ளை கல்லூரியில் அதைத் தொடர்ந்து படித்தே ஆகவேண்டும், 2014 முதல் அதுதான் ஒழுங்கு. அந்தப் பிள்ளையைச் சொந்தக்காரருக்கு முன்னால் "பெயில் விட்டவன்" என்று சொல்லாதீர்கள். எத்தனை மார்க்ஸ் என்பதை விட்டுவிட்டு, இன்றைக்கு என்ன செய்தீர்கள், ரியூட்டரின் பெயர் என்ன என்று கேளுங்கள். ரியூட்டரின் பெயர் மூன்றாம் கிழமையும் வாயில் வராவிட்டால் கொஞ்சம் கிட்டப்போய் விசாரியுங்கள். 18 வயது தாண்டிய பிள்ளையைப் பற்றி, அவர் சம்மதம் இல்லாமல் கல்லூரி உங்களோடு பொதுவாகக் கதைக்காது. சேரும்போதே பிள்ளையோடு இருந்து, இரண்டு பேரும் இணங்கினால், அந்தச் சம்மதத்தை எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

ஏற்கெனவே நின்றுவிட்டவர்கள் இதைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். உங்கள் பெயரைக் கல்லூரி எடுத்துவிட்டது என்று நீங்களே முடிவு கட்டவேண்டாம். நாளைக்குக் காலை ஒரு மின்னஞ்சல் போடுங்கள். பெயர், மாணவர் இலக்கம், வராத நாட்கள், உண்மையான காரணம், திரும்ப வர விருப்பம், இந்த ஐந்தும் போதும். ஆங்கிலம் தடக்கினால் தமிழில் எழுதி, தெரிந்த ஒருவரைக் கொண்டு மாற்றி அனுப்புங்கள். இரண்டு நாளில் பதில் வராவிட்டால் நேரே வரவேற்பு மேசைக்குப் போய், மாணவர் உதவிப் பிரிவு எங்கே என்று கேளுங்கள். இந்த முறை தவறிவிட்டது என்றால் ஜனவரியில் தொடங்கும் வகுப்பு ஏதும் உண்டா என்று அங்கேயே கேட்டு, உங்கள் பெயரைப் பதிந்துவிட்டு வாருங்கள்.