அடுப்படிப் புகைக்கு ஒரு கட்டம்

எனக்குப் பாடம் சொன்னவர்கள் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அவைக்குத் தலைமை ஏற்பது பெரும் பேறு. அதனாலேயே மனத்தில் சற்றுக் கலக்கமும் இருக்கிறது. நான் சொல்லப்போவது இங்குள்ள சிலருக்கு உவப்பாக இராது. ஆனாலும் சொல்லியாக வேண்டும்.

மாநாட்டின் பொருள் நகரக் காற்றும் சுவாச நலமும். 1952 லண்டன் புகைமூட்டம் தொடங்கி 1993இல் வெளியான ஹார்வர்டு ஆறு நகர ஆய்வு வரை நீங்கள் அறிந்த வரலாற்றை நான் திருப்பிச் சொல்ல வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2021இல் பிஎம் 2.5 நுண்துகளின் ஆண்டுச் சராசரி வரம்பைக் கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராமாகக் குறைத்தது. நம் நாட்டு வரம்பு 2009 முதல் 40. இதை அமர்வுகளில் விரிவாகப் பேசுவீர்கள். எனக்குரிய நேரத்தை, நிகழ்ச்சி நிரலில் இடம் கிடைக்காத அடுப்படிக்குத் தருகிறேன்.

நம் துறையினர் போதிய அளவு படிக்காத கட்டுரை ஒன்று உண்டு. டாக்டர் எஸ். பத்மாவதி, எஸ். என். பதக் இருவரும் 1959இல் ‘சர்க்குலேஷன்’ இதழில் எழுதியது. ரங்கூனில் மருத்துவம் படித்து, போர்க்காலத்தில் கோவைக்கு வந்து, பிறகு டெல்லி லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் பணியாற்றியவர் பத்மாவதி. இதய மருத்துவராக அவரை நாடே கொண்டாடியது. நுரையீரல்காரர்களாகிய நாம்தான் அவரை நம்மவராக எண்ணவில்லை. நுரையீரல் நோயால் இதயத்தின் வலப்பக்கம் பழுதான 127 பேரை அந்தக் கட்டுரை ஆராய்ந்தது. பீடி, சிகரெட்டைத் தொடாத பெண்களும் அவர்களில் இருந்தார்கள். விறகும் வறட்டியும் எரியும் அடுப்பின் மேல் பத்மாவதிக்கு ஐயம் விழுந்தது. 1976இல் அரோரா என்பவருடன் சேர்ந்து எழுதியபோது கணக்கு இன்னும் தெளிவானது. நோயுற்ற ஆண்களில் முக்கால்வாசிப் பேர் புகைபிடிப்பவர்கள். பெண்களிலோ பத்தில் ஒருவர்தான். ஆயினும் நோய் இருபாலாரையும் ஏறக்குறைய ஒரே அளவில் பிடித்திருந்தது.

இவ்வளவுக்குப் பிறகும் சிஓபிடி எனும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்றால் புகையிலை என்றே வகுப்பெடுத்து வந்தோம். உயிரி எரிபொருள் புகையாலும் காற்று மாசாலும் வருவதைக் கோல்டு எனும் உலகளாவிய சிஓபிடி வழிகாட்டி அறிக்கை தனி வகையாகக் குறித்தது 2023இல்தான். புகைபிடிக்காத பெண்ணுக்கு இரைத்தால் அது ஆஸ்துமாவே என்று வாதிட்ட நண்பர்களின் மருத்துவத் திறமையை நான் மதிக்கிறேன். ஆனால் திருவள்ளூர் மாவட்டக் கிராமங்களில் புகைபிடிக்காத 900 பெண்களிடம் நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வுக்கு அவர்கள் பதில் சொல்ல வேண்டும். அதில் 2.44 விழுக்காட்டினருக்கு சிஓபிடி இருந்தது. நாளுக்கு இரண்டு மணிநேரத்துக்கு மேல் சமையலறையில் இருந்தவர்களிடம், அதற்குக் குறைவாக இருந்தவர்களைவிட அது இரு மடங்கு.

அண்மைக்கால வாதம் வேறு. விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டங்களிலும் குவாத்தமாலா, பெரு, ருவாண்டாவிலும் நடந்த ஹேப்பின் ஆய்வில் கர்ப்பிணிகளுக்கு எரிவாயு அடுப்பும் சிலிண்டரும் இலவசமாகத் தரப்பட்டன. அவர்கள் சுவாசித்த நுண்துகள் சுமார் 70 மைக்ரோகிராமுக்குப் பதில் 24 ஆனது. ஆனால் குழந்தைகளின் பிறப்பு எடையிலோ, ஓராண்டுக்குள் வந்த கடும் நிமோனியாவிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. உடனே, ‘அடுப்புப் புகை விவகாரம் முடிந்தது’ என்றார்கள். முடியவில்லை. நிமோனியாவுக்குக் கிருமி, தடுப்பூசி, ஊட்டம் எனப் பல வாசல்கள் உண்டு. தாயின் மூச்சுக்குழாயில் பதினைந்து வயது முதல் படிந்து வரும் கரியைக் குழந்தையின் முதல் ஆண்டை வைத்து அளக்க முடியாது. ஆய்வு கேட்ட கேள்விக்கு அது நேர்மையாக விடை தந்தது. கேட்காத கேள்விக்கும் அதையே விடையாக்குவது முறையன்று.

நம் புறநோயாளிப் பிரிவுக்கு வாருங்கள். ஐம்பது வயது அம்மா, நாலு படி ஏறினால் இரைக்கிறது. பயிற்சி மருத்துவர் ‘புகைப்பழக்கம்: இல்லை’ என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போகிறார். ஈர விறகு பற்றாமல் ஊதுகுழலை வாயில் வைத்து, அடுப்புக்கு முகம் தாழ்த்தி ஊதி, அடுத்த மூச்சை அதே புகையிலிருந்து இழுத்த முப்பது வருடங்களுக்கு அந்தத் தாளில் கட்டமே இல்லை. நுரையீரல் திறனை அளக்கும் கருவியில் அவரை ஊதச் சொல்கிறோம். எதை ஊதி இந்த நிலைக்கு வந்தார் என்று கேட்பதில்லை. எப்படிக் கேட்பது என்று தெரியாமலும் இல்லை. அடுப்பருகே இருக்கும் அன்றாட மணிநேரத்தைச் சமைத்த ஆண்டுகளால் பெருக்கும் எளிய கணக்கைச் சண்டிகரில் பெஹராவும் ஜிந்தலும் 1991ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே கையாண்டிருக்கிறார்கள்.

ஆகவே இரண்டு தீர்மானங்களை முன்மொழிகிறேன். நம் துறைகளின் நோயாளிப் படிவம் ஒவ்வொன்றிலும் அந்தக் கணக்கு இடம்பெற வேண்டும். எரிவாயுவுக்கு மாறிய பெண்களின் நுரையீரல் திறனைக் குறைந்தது இருபது ஆண்டுகளாவது தொடர்ந்து அளக்க வேண்டும். சாலைப் புகையை அளக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதே அக்கறை அடுப்படிக்கும் வேண்டும் என்கிறேன். மறுப்பவர்கள் நாளை மாலைப் பொது அமர்வில் தரவுகளோடு எழுந்து பேசுங்கள். கேட்கவும் பதில் சொல்லவும் ஆயத்தமாக இருக்கிறேன். மாநாட்டைத் தொடங்கி வைக்கிறேன்.